அம்மணிக்குத் தலையீற்று

நவம்பர் 3, திங்கள்

அம்மணிக்கு வயிறு வைத்திருக்கிறது. காலையில் தண்ணீர் பிடிக்கும்போது லைன் வீடு முழுக்க இதே பேச்சு. பூனை என் பூனை, ஆனால் செய்தி எனக்குத்தான் கடைசியாக வந்து சேர்ந்தது.

எதிர்வீட்டுத் தெய்வானை அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து அம்மணியைப் பிடித்து மல்லாத்தினார். அக்கா திருப்பூருக்கு வருவதற்கு முன் காங்கேயம் பக்கத்தில் பட்டி நிறைய ஆடு வைத்திருந்தவர். சினை விஷயத்தில் அவர் ஒன்று சொன்னால் எங்கள் லைனில் மறுபேச்சு கிடையாது.

"காம்பெல்லாம் எப்படி எடுப்பாத் தெரியுது பாரு வசந்தா. சினையேதான்."

"ரெண்டு வருசமா ஒண்ணுமே இல்லீங்களேக்கா."

"எல்லாத்துக்கும் ஒரு நேரம் வரோணுமல்ல."

யாரிடம் சொல்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் அக்காவுக்கு உறைத்திருக்க வேண்டும். சட்டென்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை.

பொழுதோடு வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்; வண்டிக்குக்கூட டீசல் தாராளமாக ஊற்றுவார், வாய்ப்பேச்சை மட்டும் எண்ணித்தான் செலவழிப்பார். "இது ஒண்ணுக்கே தீனி போட முடியல," என்றார். நான் அடுப்படிக்குப் போனதும் குனிந்து அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கதவிடுக்கில் எனக்கு எல்லாம் தெரியும்.

நவம்பர் 5, புதன்

நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கேட்டு ஒரு பை வேஸ்ட் வாங்கி வந்தேன். எல்லாம் வெள்ளைத் துணி, மெத்தென்று இருக்கிறது. அட்டைப்பெட்டியில் பரப்பிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாயிற்று. அம்மணி உள்ளே போய் மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்துப் பார்த்தது. மகாராணிக்கு இடம் பிடித்துவிட்டது.

இது எங்களிடம் குட்டியாக வரவில்லை. பின்னால் இருக்கும் அபார்ட்மெண்டில் ஒரு குடும்பம் பெங்களூருக்குக் காலி செய்துகொண்டு போனது. டிவியை எடுத்துக்கொண்டார்கள், ஏசியைக் கழற்றிக்கொண்டார்கள், பூனையை விட்டுவிட்டார்கள். நாலு நாள் மதில்மேல் உட்கார்ந்து கத்தியது. ஐந்தாம் நாள் இறங்கி, சம்பந்தி வீட்டுக்கு வந்த அம்மாளைப்போல நேராக நடந்து வந்து என் வாசலில் உட்கார்ந்தது. "வாங்க அம்மணி," என்று கேலியாகத்தான் சொன்னேன். அதுவே பேராகிவிட்டது. எங்கள் பக்கத்தில் வயசுப் பெண்ணையும் அம்மணி என்போம், பச்சைக் குழந்தையையும் அம்மணி என்போம்.

ரெண்டு வருஷம் குட்டி போடவில்லை. "பூனையும் ஊட்டுக்காரியாட்டவே," என்று தண்ணீர்க் குழாயடியில் யாரோ சொல்லிச் சிரித்தது என் காதில் விழத்தான் செய்தது. இப்போது வந்து வயிற்றைப் பார்க்கட்டும்.

கருவாடு கால் கிலோ வாங்கினேன். வாயும் வயிறுமாக இருப்பது நல்லது தின்ன வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

மூன்றாம் வீட்டு மருமகளுக்கு வளைகாப்பு. எனக்கு ஓவர்டைம் என்று சொல்லிவிட்டேன். பூட்டிக் கிடந்த கம்பெனி கேட்டு வரைக்கும் போய்விட்டு, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கடலை தின்றுவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் அம்மணியின் கழுத்தில் நூலில் கோத்து ஒரு கண்ணாடி வளையல் தொங்குகிறது. பிள்ளைகள் செய்த வேலை. நெற்றியில் சந்தனம் வேறு. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கல்யாணமான புதிதில் கோயம்புத்தூரில் பார்த்த டாக்டரம்மா ஏனோ நினைவுக்கு வந்தார். எனக்கு எடுத்த சோதனையெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அடுத்தது உங்கள் வீட்டுக்காரர் வரவேண்டும் என்றார். அவருக்கு அன்றைக்கு லோடு இருந்தது. அடுத்த மாதமும் லோடு இருந்தது. பிறகு அந்த டாக்டரம்மாவே மாற்றலாகிப் போய்விட்டார். வண்டித் தொழில் என்றால் அப்படித்தான், இதில் யாரைக் குறை சொல்வது.

நவம்பர் 11, செவ்வாய்

ஷிப்மெண்ட் தேதி முன்னால் வந்துவிட்டது. அடுத்த திங்கள் வரைக்கும் யாருக்கும் லீவு கிடையாது என்று சூப்பர்வைசர் தங்கராசு சொல்லிவிட்டார். லீவு எடுத்தவர்கள் அப்படியே நின்றுகொள்ளலாமாம். தைத்து வந்த பனியனில் கறையும் கிழிசலும் பார்க்கிற செக்கிங் மேஜையில் நின்று நின்று கால் வீங்கிப்போயிற்று.

நவம்பர் 12, புதன்

ஆரம்பித்துவிட்டது. காலையிலிருந்து அம்மணி நிலைகொள்ளவில்லை. பின்பக்கம் கொட்டிக் கிடக்கும் மணலுக்குப் போகிறது, குத்த வைக்கிறது, எழுந்து வருகிறது, திரும்பவும் போகிறது. வாலுக்குக் கீழே விடாமல் நக்கிக்கொள்கிறது.

"இடுப்பு வலிதான். எடம் தேடுது," என்றார் தெய்வானை அக்கா.

போன வாரம் ஊரெல்லாம் சுற்றிய அம்மணி என் காலை விட்டு நகரவில்லை. வேலைக்குக் கிளம்பும்போது சேலையைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன். மேஜையில் நிற்கையில் மனசெல்லாம் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. கறை விழுந்த பீஸ் ஒன்று என் கையைத் தாண்டிப் போய்த் திட்டு வாங்கினேன். சந்தோஷத்தில் வாங்கிய திட்டு, உறைக்கவே இல்லை.

நவம்பர் 13, வியாழன்

கருவாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மணலில் ரெண்டு சொட்டு ரத்தம்.

அக்கா வந்து வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தார். என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். உள்ளே உருண்டையாக, கெட்டியாக, சின்ன எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிசாக ஒன்று.

"தலை தட்டுப்படுதா?"

"ஆமாங்க்கா."

"இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு. தலையீத்து, கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்."

கையை எடுக்கவே மனசு வரவில்லை. அம்மணி கத்தியது. வலி இருக்கத்தானே செய்யும் என்று தடவிக் கொடுத்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

குட்டி வரவில்லை. ராத்திரி முழுக்க முனகியதில் வீட்டுக்காரரும் தூங்கவில்லை. விடிந்ததும் பெருந்துறை லோடு என்று கிளம்பிப் போனார்.

டீ நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்து அரசாங்கக் கால்நடை மருந்தகத்து டாக்டருக்குப் போன் பண்ணினேன். மருந்தகத்துச் சுவரில் எழுதியிருக்கும் நம்பரை அக்கா குறித்துக் கொடுத்திருந்தார். பின்னால் ஆடுகள் கத்தும் சத்தத்துக்கு நடுவே நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"பூனைக்குத் தலையீத்துங்க டாக்டர். வலி எடுத்துச்சு, குட்டி வரலீங்க."

"இப்பவே கொண்டு வரீங்களா?"

"கம்பெனில விட மாட்டாங்க. ஊட்டுக்காரரும் லோடு போயிட்டாருங்க."

"சரி. ஒண்ணுக்குப் போகுதுங்களா?"

"போகுதுங்க. மணலுக்கு அடிக்கடி போயிட்டு வருதுங்க."

"அப்படின்னா இருட்டா ஒரு பக்கம் படுக்க வைங்க, தொந்தரவு பண்ணாதீங்க. முதல் ஈத்து சில சமயம் நின்னு நின்னு வரும். நாளைக்குக் காலையில முதல் ஆளா வந்துருங்க."

வீட்டுக்கு வந்தபோது பெட்டி முழுக்க மஞ்சளாக வாந்தி. அம்மணி பெட்டிக்கு வெளியே சிமெண்டுத் தரையில் நீட்டிப் படுத்திருந்தது. கூப்பிட்டேன். காது மட்டும் அசைந்தது. எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். அவரும் குனிந்து பார்த்துவிட்டு, முந்தானையால் அதன் வாயைத் துடைத்துவிட்டார்.

நவம்பர் 15, சனி

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வேலைக்குப் போகவில்லை. தங்கராசு நிறுத்தினால் நிறுத்தட்டும் என்று அம்மணியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வீட்டுக்காரர் வண்டியில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் அவருக்கு லோடு இருந்தது; போகவில்லை. "ஏறு புள்ள," என்றார்.

மருந்தகத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு கிடாரிக் கன்றும் ரெண்டு ஆடும் நின்றன. டாக்டர் எங்கள் பெட்டியை எட்டிப் பார்த்ததும் முதலில் எங்களை உள்ளே கூப்பிட்டார். மேஜையில் வைத்து வயிற்றைத் தொட்டார். பிறகு வாலைத் தூக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது பொட்டைன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

எனக்குப் புரியவில்லை. "பேரு அம்மணிங்க," என்றேன். அதைத்தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை.

"கடுவனுங்க இது. முன்னாடியே யாரோ குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணி விட்டிருக்காங்க. அதனாலதான் உங்களுக்கு வித்தியாசம் தெரியல. வயிறு பெருத்திருந்ததும் அதனால வெச்ச கொழுப்புங்க."

"காம்பெல்லாம் இருக்குதுங்களே."

"கடுவனுக்கும் காம்பு இருக்குமுங்க. உங்க ஊட்டுக்காரருக்கு இல்லீங்களா?"

ஆடு பிடித்திருந்தவர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

டாக்டர் சொன்னதை எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன். மூத்திரம் போகிற பாதையில் மணல் மாதிரி ஏதோ சேர்ந்து அடைத்துக்கொண்டுவிட்டது. கடுவன் பூனைகளுக்கு அந்தப் பாதை ரொம்பக் குறுகல், அதனால் அவற்றுக்குத்தான் இது வரும். மூத்திரம் வெளியே போகாமல் பை நிறைந்து கல்லாகி, விஷம் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. நானும் அக்காவும் தலை தலை என்று தடவியது மூத்திரப் பையை.

ஒண்ணுக்குப் போகிறதா என்று டாக்டர் நேற்றுக் கேட்டார். மணலுக்குப் போகிறது என்று சொன்னேன். மணல் நனைந்ததா என்று நான் பார்க்கவில்லை. பூனை மணலுக்குப் போனால் வேறு எதற்குப் போகும்? அது ஒவ்வொரு தடவையும் போய், முக்கி, முடியாமல் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்திருக்கிறது. நான் சந்தனம் வைத்த நெற்றியை முத்தமிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தப் பாதையில் விட்டு அடைப்பை எடுக்கிற அளவுக்கு மெல்லிய டியூப் ஆடு மாடு பார்க்கிற இடத்தில் இருக்காது என்றார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பேரை எழுதிக் கொடுத்து, "நேரா போங்க, நடுவுல எங்கயும் நிக்காதீங்க," என்றார். காசு வாங்கவில்லை.

தனியார் ஆஸ்பத்திரியில் தரை பளபளவென்று இருந்தது, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்றேன். கவுண்ட்டரில் இருந்த பெண் பேரைக் கேட்டாள். சொன்னேன். ஆணா பெண்ணா என்றாள். "ஆண்," என்றார் வீட்டுக்காரர். அவள் நிமிர்ந்து பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மயக்கம் கொடுத்து டியூப் போடவேண்டும், ரத்தம் பார்க்கவேண்டும், மூன்று நாள் டிரிப்ஸில் இங்கேயே இருக்கவேண்டும் என்றார் அங்கிருந்த இளம் டாக்டர். முன்பணம் கட்டச் சொன்னார்கள். கேட்ட தொகை என் ரெண்டு மாதச் சம்பளம். வீட்டுக்காரர் சட்டைப்பையில் இருந்ததை எல்லாம் எடுத்து மேஜையில் வைத்தார். பாதிகூட வரவில்லை. "இதுக்கு வைத்தியம் ஆரம்பிங்க, மிச்சத்துக்குப் போயிட்டு வர்றோம்," என்றார். டாக்டர் கொஞ்ச நேரம் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு அம்மணியை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

கம்பெனிக்குப் போனோம். தங்கராசு என்னைப் பார்த்ததும் கத்துவதற்கு வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அம்மணிய ஆஸ்பத்திரியில சேத்திருக்குதுங்க. கட்டறதுக்குப் பணம் பத்தல. அட்வான்ஸ் குடுங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "உங்களுக்குப் புள்ள இருக்குதுங்களா? இத்தன வருசத்துல சொன்னதே இல்லீங்களே."

இல்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. பூனைக்கு என்று சொன்னால் அட்வான்ஸ் வராது. அதற்காகத்தான் சொல்லவில்லை. வேறு ஒன்றுக்காகவும் இல்லை.

"இருக்குதுங்க," என்றேன்.

"என்ன வயசுங்க?"

"சின்னதுங்க."

அலுவலக அறைக்குள் போய்த் தானே பேசிப் பணம் வாங்கி வந்தார். "வாராவாரம் கொஞ்சங்கொஞ்சமாப் பிடிச்சுக்கறோம். முதல்ல புள்ளையப் பாருங்க," என்றார். வண்டியில் ஏறிய பிறகு, என்ன சொல்லிக் கேட்டாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். சொன்னேன். அவர் வண்டியைக் கிளப்பச் சாவியைத் திருகினார், நின்றது, திரும்பத் திருகினார்.

நாங்கள் திரும்பி வந்தபோது டியூப் போட்டிருந்தார்கள். பையில் இறங்கிய மூத்திரம் கறுஞ்சிவப்பாக இருந்தது. அடைப்பு எடுபட்டுவிட்டது, ஆனால் கிட்னி எவ்வளவு கெட்டிருக்கிறது என்று நாளைக்குத்தான் தெரியும் என்றார் டாக்டர். முன்னாலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என்ன தீனி கொடுப்பீர்கள் என்று கேட்டார். கருவாடு என்றேன். இந்த வாரம் கூடுதலாக. தண்ணீர் குடிக்குமா என்றார். கவனிக்கவில்லை என்றேன். அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது என்றார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள்.

அதன் கழுத்து வளையலை அறுத்து ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார்கள். நான் வீட்டுக்கு வருகிற வழியில் அதை வீசிவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஷிப்மெண்டுக்காக இன்றும் வேலை. செக்கிங் மேஜையில் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. கூட வேலை செய்கிற பெண்கள், அம்மணிக்கு என்ன உடம்பு என்று கேட்டார்கள். மூத்திரக் கோளாறு என்றேன். ஒருத்தி வாழைத்தண்டுச் சாறு கொடுக்கச் சொன்னாள். இன்னொருத்தி தன் பிள்ளைக்கு வந்தபோது முடிந்து வைத்த திருநீற்றை எடுத்துக் கொடுத்தாள். வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். வாங்காமல் என்ன செய்ய?

பொழுதோடு போய்ப் பார்த்தோம். கூண்டுக்குள் காலில் ஊசியோடு படுத்திருந்தது. "அம்மணி," என்றதும் தலையைத் தூக்கியது. அங்கே யாரும் அதை அம்மணி என்று கூப்பிடவில்லை போலிருக்கிறது. விரலை உள்ளே விட்டேன், மூக்கால் தொட்டது. திருநீற்றை நெற்றியில் பூசினேன். பொட்டையோ கடுவனோ, அதற்குப் பேர் அதுதான்.

ரத்தத்தில் விஷம் இன்னும் இறங்கவில்லை என்றார் டாக்டர். இதயத் துடிப்பு சரியில்லையாம். இன்னொரு மருந்து இருக்கிறது, வெளியே வாங்கி வரவேண்டும் என்றார். வீட்டுக்காரர் போய் வாங்கி வந்தார். காசு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் பதில் சொல்லியிருக்கவும் மாட்டார்.

திரும்பி வரும்போது, "பொழச்சுக்கும்," என்றார். அவர் வாயிலிருந்து கேட்காமல் ஒரு வார்த்தை வருவது அபூர்வம். அதை நம்பிக்கொண்டு தூங்கப் போகிறேன்.

நவம்பர் 17, திங்கள்

செத்துப்போய்விட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாட்ச்மேனிடம் கொடுத்திருந்த போனை வாங்கிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வரிசையாக அழைப்பு. கடைசியாக வீட்டுக்காரர். நான் திரும்ப அழைப்பதற்குள் கேட்டுக்கு முன்னால் அவர் வண்டி வந்து நின்றுவிட்டது. இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தங்கராசு பின்னாலேயே ஓடி வந்தார். "அம்மணிக்கு என்னங்க?" என்றார். நான் வண்டியைக் கையால் காட்டினேன். அவர் புரிந்துகொண்டார். செக்கிங் மேஜைப் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். திருநீறு கொடுத்தவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் பிள்ளைக்காக அழுதாள், நான் பூனைக்காக அழுதேன் என்று சொன்னால் அது பொய். இனி எந்த முகத்தோடு அந்த மேஜையில் போய் நிற்பது? உண்மையைச் சொன்னால் காறித் துப்புவார்கள். சொல்லாவிட்டால் காரியம் எப்போது என்று கேட்பார்கள்.

இதயம் நின்றுவிட்டதாம். நாங்கள் பக்கத்தில் இல்லை. அந்த டாக்டர் நல்ல பையன், மிச்சக் கணக்கு எதுவும் கேட்கவில்லை, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். சொந்தமாக ஒரு அடி மண் இல்லாதவர்கள் எங்கே புதைப்பது? நொய்யல் ஓரமாக வண்டியை நிறுத்தி, வீட்டுக்காரர் ஜாக்கிக் கம்பியால் குழி தோண்டினார். கல்லாக இருந்தது. ஆழம் போதாது என்று சொன்னேன். மறுபடி தோண்டினார். போதாது என்று மறுபடியும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் தோண்டிக்கொண்டே இருந்தார், ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

காலையில் வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். தெய்வானை அக்கா ஒரு கிண்ணத்தில் சுறாவைப் பிசைந்த சோறு கொண்டுவந்தார். பால் ஊறட்டும் என்று. மூன்று நாளாக மகள் வீட்டில் இருந்துவிட்டு நேற்று ராத்திரிதான் திரும்பியிருந்தார்; ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்பது வரைக்கும்தான் அவருக்குத் தெரியும்.

"எத்தன குட்டி வசந்தா?"

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். வாயில் அந்தச் சொல்தான் வந்தது.

"தங்கலீங்க்கா."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட."

"தாயி?"

"தாயும்தானுங்க."

அக்கா கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. கெட்ட மனுஷி இல்லை. இத்தனை வருஷத்தில் எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவந்தது அவர்தான்.

"வெசனப்படாத கண்ணு. ஒரு சில வாசப்படிக்கு அது வாய்க்கறதில்ல. ஒரு தொட்டில் ஆடாத ஊட்டுல பூனைக்கு மட்டும் எங்கிருந்து தங்கும்? உன்ற சாதகம் அப்படி. உன்னயச் சொல்லி என்ன பண்றது."

நான் தலையை ஆட்டினேன். எப்போதும் ஆட்டுவதுதான்.

வீட்டுக்காரர் உள்ளே சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"அது கடுவனுங்க்கா. சினையே இல்ல. மூத்திரம் அடைச்சுச் செத்துப் போச்சு."

அக்கா என் கையை விட்டுவிட்டார்.

"இவகிட்ட ஒரு குறையும் இல்லீங்க," என்றார். ஒருதரம் செருமிவிட்டுத் திரும்பவும் சொன்னார். "டாக்டரே சொல்லிட்டாங்க. இவகிட்டக் குறையே இல்ல."

எந்த டாக்டர் என்று அக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இந்த வார்த்தையை அவர் வெளி ஆள் காதில் விழச் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறேன். கேட்டால் எப்படி இருக்கும் என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் இல்லை. விளக்குமாறு கையில் இருந்தது, மிச்ச வாசலையும் கூட்டினேன்.

என் வயிற்றில்தான் கோளாறு, பெற்ற பாவம் தன்னுடையது என்று நம்பிக்கொண்டே போன வருஷம் செத்துப்போனாள் என் அம்மா. அவள் இருக்கும்போதே இவர் இதைச் சொல்லியிருக்கலாம்.